‘டென்ஷன் ஆகாதே’ – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 36 வயது. மணமாகி எட்டு வருடம். இரண்டு முறை ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்தும் கரு தங்கவில்லை. மூன்றாவது அடுத்த மாதம். என் மனைவி இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை. வளைகாப்பு, காதுகுத்து எதற்கும் வருவதில்லை. டென்ஷனால்தான் தங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. மருத்துவமனையில் கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். அவள் மனதைச் சரிசெய்துவிட்டால் இந்த முறை தங்குமா? அவளுக்குப் படிக்கக் கொடுக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள். (எனக்கு விந்தணு கவுண்ட் கொஞ்சம் குறைவு. இக்ஸி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் பெரியவர்களுக்கு இது தெரியாது.)

க., நாமக்கல்

அன்புள்ள க.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக மெயிலில்தான் பதில் எழுதுவேன். இதற்கு மட்டும் இங்கேயே எழுதுகிறேன். போன வாரம் வீடு மாற்றினோம். பரணிலிருந்து ஒரு பச்சை ஃபைல் விழுந்தது. உள்ளே 2012-ஆம் வருடத்து ஸ்கேன் சீட்டுகள். ‘வலது 18, 16, 11. இடது 14.’ சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகளின் அளவு, மில்லிமீட்டரில். ஓரத்தில் என் மனைவி பென்சிலால் கூட்டி 59 என்று எழுதியிருக்கிறாள். அதைக் கூட்டி என்ன பயன்? அவளிடம் கேட்கவில்லை. அந்த ஃபைலைப் புது வீட்டில் எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம்.

புத்தகம் எதுவும் வேண்டாம். காதுகுத்துக்கு வராததும் ஒரு குற்றமில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த ‘டென்ஷனால்தான்’ இருக்கிறதே, அதை நான் விடமாட்டேன். நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் இது. அத்தை சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டே சொல்வார். ‘ரிலாக்ஸா இரும்மா, தானா நிக்கும்.’ கேட்க ஆறுதல் மாதிரி இருக்கும். பிரித்துப் பாருங்கள்: நிற்கவில்லை என்றால் நீ ரிலாக்ஸாக இல்லை, ஆகவே தப்பு உன்னுடையது. அழுதால் கரு கலையும் என்று நம்பி, அழுகையையும் அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே படுத்திருந்தேன்.

இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தின் பிஎம்ஜே மருத்துவ இதழில் 2011-இல் ஜாக்கி பாய்வின் என்ற உளவியலாளரின் குழு 14 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மொத்தம் 3,583 பெண்கள். சிகிச்சைக்கு முன் ஒரு பெண் எவ்வளவு மனவருத்தத்தில் இருந்தாள் என்பதற்கும் அந்த முறை கர்ப்பம் ஆனதா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள். உங்கள் மனைவி கவலைப்பட்டதால் கரு போகவில்லை. கரு போனதால் கவலைப்படுகிறாள். அதுவும் லேசான கவலையில்லை. குழந்தையின்மைக்கு சிகிச்சை எடுக்கும் பெண்களின் மனச்சோர்வு புற்றுநோயாளிகளின் மனச்சோர்வுக்கு ஏறக்குறைய சமமாக இருப்பதை ஆலிஸ் டோமர் என்ற உளவியலாளர் 1993-லேயே காட்டிவிட்டார். புற்றுநோய் வந்தவரிடம் போய் ‘டென்ஷன் ஆகாதே, சரியாகிடும்’ என்று சொல்வீர்களா?

இனி உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். கடிதத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான், அதைப் போய் அடைப்புக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். இக்ஸி என்றால் ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் நேராகச் செலுத்துவது. எண்ணிக்கை குறைந்த ஆண்களுக்காகவே வந்த முறை. குறை உங்களிடம், பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி அவளுக்கு, மயக்க மருந்து அவளுக்கு, மலடி என்ற பேச்சும் அவளுக்கு. அவள் வாயைத் திறக்காமல் உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை என்கிறீர்கள். எதைத்தான் பேசுவாள்? பேச வேண்டியதைத்தான் பூட்டி வைத்துவிட்டீர்களே.

கோபப்படுகிறேன். நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன்.

2012-இல் நாங்கள் திருநெல்வேலியில் இருந்தோம். கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், விலையோ கடன் வாங்கிக் கட்டிய விலை. தெருமுனை ஜூஸ் கடை அண்ணாச்சியிடம் ஜெனரேட்டர் இருந்தது. பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மருந்தைப் போட்டு, ‘அண்ணாச்சி, இது கொஞ்சம் உள்ள இருக்கட்டும்’ என்று கொடுத்தேன். ‘வைங்க சார்.’ அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் சாத்துக்குடியெல்லாம் கீழ்த்தட்டுக்குப் போயிருந்தது, மேல்தட்டில் எங்கள் டப்பா மட்டும். பன்னிரண்டு நாளும் சாயங்காலம் என் மனைவி போய் எடுத்துவருவாள். ஒருநாளும் அவர் என்ன ஊசி என்று கேட்டதில்லை. விசேஷம் உண்டா என்றும் கேட்டதில்லை. அந்தத் தெருவிலேயே அவர் கடை ஒன்றில்தான் மூச்சு விட முடிந்தது என்று பிற்பாடு சொன்னாள். வீட்டில் நான் இருந்தேன், ‘டென்ஷன் ஆகாதே’ என்று சொல்லிக்கொண்டு.

எங்களுக்குக் கடைசிவரை தங்கவில்லை.

கவுன்சலிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா. நாங்கள் போன இடத்திலும் ‘கவுன்சலிங் ரூம்’ என்று ஒன்று இருந்தது. லேமினேட் செய்த அட்டையைக் காட்டி பேக்கேஜ் விலை சொன்னார்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங் போல, சீட்டும் கட்டணமும். இப்போது இந்தச் சிகிச்சைகளுக்கென்றே 2021-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் பற்றித் தம்பதிக்கு முறையான ஆலோசனை தருவது மையத்தின் கடமை. சட்டம் சொல்வது தம்பதிக்கு. ஆகவே நீங்களும் போய் உட்கார வேண்டும். முதல் நாள் உங்கள் கவுண்ட்டை நீங்களே வாயால் சொல்லுங்கள். பயம், பணம், மூன்றாவதும் போனால் நிறுத்துவதா என்ற கேள்வி, எல்லாம் அந்த அறையில் வரட்டும். ‘போதும்’ என்று அவள் சொல்ல நினைத்தால், சொல்ல அவளுக்கு ஓர் இடம் வேண்டும். கரு தங்குவதற்காகப் போகாதீர்கள்.

கரு வைத்தபின் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் போலக் காத்திருக்க வேண்டியிருக்கும். அது உங்களுக்குத் தெரியும். எங்கள் கடைசி ரிசல்ட் வந்தபோது நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். அவள் ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். போனில் கேட்டுவிட்டு, டிக்கெட் எடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிப் பர்ஸில் போட்ட பிறகுதான் அழுதாளாம்.

மருத்துவமனையில் ரிசல்ட் சொல்ல யாருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அவளுடையது என்றால் அவளிடம் கேட்டுவிட்டு உங்கள் நம்பரை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு லீவும் போட்டுவிடுங்கள்.