அப்பாவின் கடைசி வருமான வரிக் கணக்கை யார் தாக்கல் செய்வது?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, 2025 நவம்பர் கடைசியில் காலமானார். ஓய்வூதியம் மாதம் 45,000 ரூபாய். ஏப்ரல் முதல் நவம்பர் வரை டெபாசிட் வட்டி 1,10,000 ரூபாய். அதில் 11,000 ரூபாயை டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று பிடித்துவிட்டார்கள். கொஞ்சம் ரப்பர் தோட்டமும் உண்டு. வாரிசு வரி கட்ட வேண்டுமா? எட்டு மாதம்தானே இருந்தார், வரிக் கழிவும் அந்த அளவுக்குத்தான் கிடைக்குமா? அண்ணன் குவைத்தில் இருக்கிறார்.
- வாசகர், கருங்கல்

பதில்: அப்பாவை இழந்த நேரத்தில் இந்தக் கணக்கையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு கவலையை உடனே விட்டுவிடலாம்: இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. முன்பு இருந்த எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அப்பாவின் கடைசி ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அவர் இறந்த நாள் வரையான வருமானம் அவருடைய பான் எண்ணில்தான் வரும். கழிவை மாதக் கணக்கில் குறைக்க மாட்டார்கள், முழு ஆண்டுக்கு உள்ளது அப்படியே கிடைக்கும். புதிய வரி முறையில் பாருங்கள்: ஓய்வூதியம் 3,60,000, வட்டி 1,10,000, இதில் ஓய்வூதியத்துக்காகக் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் 3,95,000. நான்கு லட்சம் வரை வரியே இல்லை. ஆக, பிடித்த 11,000 ரூபாயும் திரும்பி வர வேண்டிய பணம். ரிட்டர்ன் போட்டால்தான் வரும்.

இதை அம்மா பெயரில் செய்யுங்கள் என்பதே என் யோசனை. வருமான வரித் தளத்தில் அவர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, அப்பாவின் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்று, இருவரின் பான், வாரிசு என்பதற்கான ஆவணம் தேவை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவின் குடும்ப ஓய்வூதிய ஆணையையும் ஏற்றுக்கொள்வார்கள். ரீஃபண்ட் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும். அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர வேண்டிய பணம் என்பதால் அண்ணனிடம் முன்பே பேசிவிடுங்கள். அப்பாவின் பாஸ்வேர்டும் ஓடிபி வரும் போனும் கையில் இருக்கிறது என்று அவரே போடுவது போலப் போட்டுவிடாதீர்கள். பலர் செய்கிறார்கள், ஆனால் தவறு.

ரப்பர் பால் விற்ற வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் செல்லாது, ஐடிஆர்-2 படிவத்தை எடுக்க வேண்டும். அதனால் வரி அதிகமாகாது. தோட்டத்தை எப்போதாவது விற்பதாக இருந்தால் அப்பா வாங்கிய பத்திரம் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

நவம்பருக்குப் பிறகு வந்த வட்டி அப்பாவின் வருமானம் இல்லை. டெபாசிட்டை வங்கியில் சீக்கிரம் மாற்றாவிட்டால் டிடிஎஸ் அவருடைய பான் எண்ணிலேயே ஏறிக்கொண்டிருக்கும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் அவருடைய வருமானம். புதிய வரி முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைக் கழிக்கலாம்.

அப்புறம், கருவூலத்தில் இறப்பைத் தெரிவித்தாயிற்றா? இறந்த பிறகும் ஓய்வூதியம் ஏறியிருந்தால் அதைத் தொடாதீர்கள், திருப்பிக் கேட்பார்கள். அங்கே போகும்போதே ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் அம்மாவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்காக அப்பாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்திருப்பார்கள்.