லிசிய மொழி படிக்கத் துடிக்கும் மகள்: பெற்றோருக்கு ஒரு பதில்

துருக்கியில் வழங்கி அழிந்துபோன பண்டைய மொழியான லிசியத்தைப் படிக்க மகள் துடிக்கிறாள், வேலை கிடைக்குமா, தடுப்பதா என்று கேட்கிறீர்கள். வேலை வாய்ப்பு குறைவுதான். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் பெரும்பாலும் சில ஆண்டு ஒப்பந்தப் பணிகளே; நிரந்தர இடம் அபூர்வம். அதற்காக உடனே "வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். மகளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

துருக்கியின் தென்மேற்குக் கரையில் கிடைத்த லிசியக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கல்லறை வாசகங்கள். 'லதி எஹ்பி செ திதெய்மெ', அதாவது 'தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்', என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். அதுவரை சிக்கலில்லை. கல்லறையைச் சேதப்படுத்துவோருக்கான தண்டனைப் பகுதியில்தான் புரியாத சொற்கள் குவிகின்றன.

அப்படி ஒரு சொல்லை எடுத்து, அது வரும் இடங்களையெல்லாம் அட்டவணையாக்கச் சொல்லுங்கள்: கல்வெட்டு எண், வரி, முன்சொல், பின்சொல், விகுதி, கல் முழுதா உடைந்ததா. அச்சிட்ட பதிப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பது பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. அதைச் சான்றாக எண்ணவே கூடாது. தொடக்க மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: ஒருவரின் ஊகத்தை வைத்து இன்னொரு ஊகத்தை நிரூபிப்பார்கள். அடுத்து, ஒரே செய்தியை இரண்டு மூன்று மொழிகளில் சொல்லும் கல்வெட்டுகள். 1973இல் துருக்கியின் லெத்தூனில் கிடைத்த லிசிய, கிரேக்க, அரமேயக் கல்வெட்டு பெரும் உதவி. ஆனால் மூன்றும் சொல்லுக்குச் சொல் பொருந்தாது, அரமேயம் தன் போக்கில் போகும். லிசியத்துக்கு உறவான பண்டைய மொழிகளான ஹிட்டைட், லூவியத்தின் சொற்களோடு ஒப்பிடுவது கடைசியில்தான். தோற்ற ஒற்றுமை ஆளைக் கவிழ்த்துவிடும். இன்னொரு உறவு மொழியான கேரியத்தின் எழுத்துகள் கிரேக்கம்போல இருக்கின்றனவே என்று அதே ஒலியில் படித்துப் பலர் ஏமாந்தார்கள். 1981இல் எகிப்தியவியல் அறிஞர் ஜான் ரே, எகிப்தில் கிடைத்த இருமொழிச் சான்றுகளை வைத்துப் புது ஒலிகளைத் தந்தார்; 1996இல் துருக்கியின் கவுனோஸில் கிடைத்த கேரிய-கிரேக்கக் கல்வெட்டு அந்த வழியை உறுதிசெய்தது.

இந்த அட்டவணை வேலையை இரண்டு மாதம் சலிக்காமல் செய்தால் மேலே பேசலாம். புணே டெக்கான் கல்லூரியில் மொழியியலோ சமஸ்கிருதமோ முதுகலை படிக்கட்டும். கூடவே கிரேக்கமும், கட்டுரை படிக்கும் அளவுக்கு ஜெர்மனும் தொடங்கட்டும். ஜெர்மன் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு அடி நகர முடியாது. பிறகு மூனிக், மார்பர்க், வூர்ட்ஸ்பர்க், லெய்டன் என்று விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. மாணவர் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் (blocked account) காட்டவேண்டிய தொகை, 2024 செப்டம்பர் நிலவரப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ. கடன் வாங்கும் முன் உதவித்தொகைக்கு முயலுங்கள். பைத்தானும் தரவுத்தள வேலையும் பக்கத்தில் கற்கட்டும். பல்கலைக்கழக இடம் கிடைக்காவிட்டால் சம்பளம் தரப்போவது அதுதான்.