பத்மினி கொதிக்குது, புது ரேடியேட்டர் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நங்கநல்லூர்லேருந்து எழுதுறேன். அப்பா 1985ல வாங்கின பிரீமியர் பத்மினி இன்னும் வீட்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்போம். ரெண்டு மாசமா கத்திப்பாரா ட்ராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் ஊசி ஏறுது. ஒரு மெக்கானிக், நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குன்னு தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டார். அதுக்கப்புறமும் போன வாரம் ஈசிஆர்ல சும்மா 60ல போகும்போதே ஏறிக்கிட்டே போய் கோவளம் வர்றதுக்குள்ள ஓரம் கட்டிட்டோம். இன்னொருத்தர் பழைய ரேடியேட்டரை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிட்டு அலுமினிய ரேடியேட்டரும் எலக்ட்ரிக் ஃபேனும் 18,500க்கு போட்டுத் தர்றேங்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேணாம் தம்பி. காசுக்காக மட்டும் சொல்லலை, அந்த பழைய ரேடியேட்டரை கையை விட்டு குடுத்துடாதீங்க, அதான் முதல் விஷயம். அது செம்பு ட்யூப், பித்தளை டேங்க், ஈயப் பத்து வச்சது, எத்தனை தடவை வேணா பிரிச்சு சரி பண்ணலாம். குர்லாவுல பத்மினி செஞ்ச ஃபேக்டரி மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒருதடவை எக்ஸ்சேஞ்ச்ல போனா அளவு, மவுண்டிங் எல்லாம் அப்படியே உட்கார்ற ரேடியேட்டருக்கு புதுப்பேட்டை முழுக்க அலையணும்.

இப்ப வண்டிக்கு என்னன்னு பார்ப்போம், நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. ட்ராஃபிக்ல நிக்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பிச்சா இறங்கிட்டா அது காத்து பிரச்சனை, அதாவது ஃபேன் பெல்ட் லூசா இருக்கும், ரேடியேட்டர் ஃபின்ல பூச்சியும் மண்ணும் அடைச்சிருக்கும். ஓடும்போதும் ஏறுதுன்னா காத்து தாராளமா வருது, ஆனா தண்ணி ஓடலைன்னு அர்த்தம். உங்களுக்கு ரெண்டாவது. தெர்மோஸ்டாட்ங்கிறது எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம தடுக்குற வால்வு, அதை எடுத்த பிறகும் ஏறுதுன்னா குத்தம் அதுமேல இல்லைன்னும் தெரிஞ்சுபோச்சு. என் சந்தேகம் கோர், அதாவது ரேடியேட்டர் நடுவுல இருக்கிற சின்ன ட்யூப் வரிசை, அதோட அடைப்பு மேலதான். நங்கநல்லூர்ல வருஷக்கணக்கா போர் தண்ணிதானே ஊத்தியிருப்பீங்க? பக்கெட் அடியில வெள்ளையா படியுதே அதேதான் அந்த சின்ன ட்யூபுக்குள்ளயும் படியும், எஞ்சின் பிளாக்லேருந்து வர்ற துருவும் சேர்ந்து பாதி ட்யூப் மூடிடும்.

வீட்லயே பார்க்கலாம். வண்டியை சூடாக்கிட்டு ஆஃப் பண்ணிட்டு ரேடியேட்டர் முகம் முழுக்க டெம்பரேச்சர் கன் வச்சு பாருங்க, அது ஆயிரம் ரூபா சொச்சத்துல கிடைக்கும், நண்பர் யாராவது வச்சிருந்தா இரவல் வாங்குங்க. மேலேருந்து கீழே சீரா குறைஞ்சுக்கிட்டே வரணும், நடுவுல திட்டு திட்டா குளுந்து இருந்தா அந்த ட்யூப்ல தண்ணி போகலை. அப்புறம் காலைல எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மூடியை திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, நிக்காம குமிழ் குமிழா வந்தா எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காப்பி கலர்ல இருந்தா சந்தேகமே வேணாம். பத்மினிக்கு ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பு இரும்பு. கொதிக்க கொதிக்க ஓட்டினா ஹெட் வளைஞ்சிடும், அப்புறம் அதை சீவி தட்டையாக்குற ஃபேசிங் செலவு தனி. அதனால ஊசி சிவப்பை தொடும் முன்னாடி நிறுத்திடுங்க, சூட்டோட மூடியை திறக்காதீங்க, மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. ஓடும்போது சூடாக இன்னொரு காரணம் ஸ்பார்க் அடிக்கிற டைமிங் லேட்டா இருக்கிறது, டைமிங் லைட் இருக்கிற மெக்கானிக்னா அஞ்சு நிமிஷ வேலை, ரேடியேட்டரை கழட்டுற முன்னாடி அதையும் பார்க்கச் சொல்லிடுங்க.

அடைப்புதான்னு தெரிஞ்சா நல்ல ரேடியேட்டர்காரர்கிட்ட போங்க. மேல் டேங்கை பத்து விலக்கி எடுத்துட்டு ஒவ்வொரு ட்யூபுக்குள்ளயும் பட்டை கம்பி விட்டு குத்தி சுத்தம் பண்ணுவாங்க, ராடிங்னு சொல்வாங்க. டேங்கை திறந்ததும் கூப்பிடுங்க, நான் கண்ணால பார்க்கணும்னு சொல்லிட்டு போங்க. ட்யூப் நல்லா இருந்தா ராடிங் போதும், அரிச்சுப் போயிருந்தா செம்பு கோரே மாத்தணும். கோர் மாத்தும்போதுதான் ஏமாத்து நடக்குது. எனக்கே நடந்தது. எங்க வீட்ல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்துச்சு, நம்ம வண்டலூர் பக்கம் செஞ்ச வண்டி, அதோட ரேடியேட்டரை ஒரு கடையில கோர் மாத்த குடுத்தேன், மூணு வரிசை ட்யூப் இருந்ததுக்கு ரெண்டு வரிசை போட்டு பெயிண்ட் அடிச்சு குடுத்துட்டாங்க, வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியலை, மே மாச வெயில் வந்தப்பதான் தெரிஞ்சது. பழைய கோரும் போச்சு, செம்புக்கு விலை தெரியும்ல. அன்னிலேருந்து நான் ரேடியேட்டரை குடுக்கும்போது எடை போட்டு, வரிசை எண்ணி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுதான் குடுக்குறது. நீங்களும் பில்லுல செம்பு கோர், இத்தனை வரிசைன்னு எழுதச் சொல்லுங்க, பழைய கோர் திரும்ப வேணும், இல்லைன்னா அதோட எடைக்கு காசு கழிக்கணும்னு முன்னாடியே பேசிடுங்க. கடைசியா தண்ணித் தொட்டியில முக்கி காத்து அடிச்சு லீக் பார்க்கிறதை நின்னு பார்த்துட்டு வாங்க.

அலுமினியம் மோசம்னு சொல்ல மாட்டேன், எடை கம்மி, நல்லாவே குளிர வைக்கும். ஆனா அது ஓட்டை ஆனா நம்ம தெருமுனை கடையில பத்து வைக்க முடியாது, உங்க வண்டியில உட்கார வைக்க பிராக்கெட்டை வெட்டணும், வெட்டினதை திரும்ப ஒட்டுறது கஷ்டம். எலக்ட்ரிக் ஃபேன் ட்ராஃபிக்குக்கு உதவும், அடைச்ச கோருக்கு உதவாது. இன்னும் டைனமோவோட ஓடுற வண்டியா இருந்தா, ராத்திரி ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்த்து இழுத்தா பேட்டரி இறங்கிடும்.

ஹோஸ் வாங்கும்போது ஒரு விஷயம். ஜிபி ரோட்ல பழைய ஒரிஜினல் ஸ்டாக்னு பெருமையா எடுத்து குடுப்பாங்க. கிளிப் மாதிரி இரும்பு சாமான்னா தாராளமா வாங்குங்க, ரப்பர்னா வேணாம், ரப்பர் அலமாரியில இருந்தே கெட்டுப்போகும். மடக்கிப் பார்த்தா வெடிப்பு தெரியும். கீழ் ஹோஸ் தொளதொளன்னு இருந்தா பம்ப் உறிஞ்சுற வேகத்துல அப்படியே ஒட்டிக்கும், அதனாலயும் ஸ்பீடுல சூடாகும். ரேடியேட்டர் மூடி மேல என்ன பிரஷர் எழுதியிருக்கோ அதே வாங்குங்க, கூட இருந்தா நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பழைய பத்து பிரிஞ்சிடும்.

தெர்மோஸ்டாட்டை திரும்ப போட்டுடுங்க. அது இல்லாம எஞ்சின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், பெட்ரோல் அதிகமா குடிக்கும், ஆயில் கசடு கட்டும். வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு அதுல தொங்க விட்டு சூடாக்குங்க, 82னு எழுதியிருந்தா 82 டிகிரி சூடு வந்ததும் திறக்க ஆரம்பிக்கணும்.

கேள்வி: அண்ணா, பெரம்பூர்ல இருக்கேன், மாமனாரோட 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம்னு இருக்கு, எது வாங்கறது? வீட்டு ஆர்ஓ தண்ணி கலக்கலாமா?

பதில்: கலரை நம்பாதீங்கம்மா, கம்பெனிக்கு கம்பெனி மாறும். லேபிளை படிங்க. செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு பழைய ரக ஐஏடி கூலண்ட் வாங்குங்க, ஆர்கானிக் ஆசிட் மருந்து கலந்த புது ஓஏடி ரகம் ஈயப் பத்து இருக்கிற பழைய வண்டிக்கு நல்லதில்லைன்னு பொதுவா சொல்வாங்க, ரெண்டையும் கலக்கவே கூடாது. ஐஏடியை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்திடணும். ரெடிமிக்ஸ் வாங்கினா அதுல பாதியாவது தண்ணிதான், கான்சன்ட்ரேட் வாங்கி நீங்களே கலந்துக்கிட்டா லிட்டருக்கு எவ்வளவோ மிச்சம். சென்னையில தண்ணி உறையப் போறதில்ல, நமக்கு வேண்டியது துரு பிடிக்காத மருந்து, அதனால பாட்டில்ல போட்டிருக்கிற குறைஞ்ச அளவு போதும், அதுக்கு கீழ போகாதீங்க. கூலண்ட் அதிகமா ஊத்தினா இன்னும் குளிரும்னு நினைக்காதீங்க, வெறும் தண்ணிதான் சூட்டை அதிகமா இழுக்கும். ஆர்ஓவுல கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரே வாங்கிடுங்க. பழசை தெருவுல கொட்டாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும். குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

கேள்வி: சார், ஜிபி ரோட்ல பத்மினிக்கு வாட்டர் பம்ப் வாங்கி பத்தே நாள்ல ஒழுகுது. பில்லுல வித்த பொருள் திரும்ப எடுக்கப்படாதுன்னு போட்டிருக்காங்க. ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: முடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு ஒண்ணும் போடலைன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம். பில் குடுக்காம விக்கிறதும் அதுலதான் வருது. ஆனா கடைக்காரர் ஃபிட்டிங் தப்புன்னு சொல்வார், அதுக்கு தயாரா போங்க. பம்ப் உடம்புல சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா சொட்டினா உள்ள சீல் போயிருக்கு, கேஸ்கெட் ஓரத்துல கசிஞ்சா மாட்டினதுல கோளாறு. பெல்ட்டை ரொம்ப இறுக்கியிருந்தாலும் பேரிங் போய் சீல் போகும், அழுத்தினா அரை இன்ச் அமுங்கணும். கழட்டும் முன்னாடி சொட்டுறதை வீடியோ எடுத்துக்கிட்டு பில்லோட போய் அமைதியா கேளுங்க, பெரும்பாலும் மாத்திக் குடுத்துடுவாங்க. இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதியுங்க. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். புது பம்ப் குடுத்தா கடையிலயே பழசை பக்கத்துல வச்சு தண்ணியை தள்ளுற சக்கரமான இம்பெல்லரோட ஆழமும் இறக்கையும் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு வாங்கிட்டு வாங்க.