கப்பலில் அழுக்குத் துணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: நான்கு பேர் ஏழு இரவு சொகுசுக் கப்பலில் போகிறோம். துணி யார் துவைத்துத் தருவார்கள்? எப்படிக் கொடுப்பது, எவ்வளவு ஆகும்?
– வாசகி, காரைக்குடி

ப: கேபின் அலமாரியைத் திறந்தால் ஹேங்கர் கம்பியிலோ இழுப்பறையிலோ ஒரு லாண்டரிப் பையும் விலைப் பட்டியலோடு ஒரு படிவமும் இருக்கும். துணிகளை எண்ணி, எத்தனை சட்டை, எத்தனை பேன்ட் என்று படிவத்தில் எழுதி, கேபின் எண்ணும் பெயரும் போட்டு, கையெழுத்திட்டுப் பையோடு கட்டிலின் மேல் வைத்துவிடுங்கள். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வரும் பணியாளர் எடுத்துப்போவார். 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பி வரும். அன்றைக்கே வேண்டுமென்றால் பெரும்பாலான கப்பல்களில் ஒன்றரை மடங்கு கட்டணம்.

விலை உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ஒரு சட்டைக்கு 3 முதல் 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடைக்குக்கூட ஒரு டாலருக்கு மேல். நான்கு பேர் துணியையும் இப்படிக் கொடுத்தால் தொகை எகிறிவிடும். அதனால் பயணத்தின் நடுவில், மூன்றாம் நாள் வாக்கில், கேபினுக்கு வரும் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். 'பை நிறையத் திணியுங்கள், ஒரே கட்டணம்' என்ற சலுகை பல கப்பல்களில் அப்போதுதான் வரும். பெரும்பாலும் 25 முதல் 40 டாலருக்குள். சுருட்டித் திணித்தால் இருபது, இருபத்தைந்து சிறிய உருப்படிகள் அடங்கும். ஆனால் அதில் துவைத்து, காயவைத்து, மடித்துத் தருவது மட்டும்தான். இஸ்திரி கிடையாது. எந்தத் துணியைப் போடலாம் என்பதை அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொடுக்கும் முன் சட்டை, பேன்ட் பைகளைத் துழாவுங்கள். பேனாவும் லிப் பாமும்தான் அதிகம் சிக்குபவை. டிரையர் சூட்டில் லிப் பாம் உருகி மற்ற துணிகளிலெல்லாம் எண்ணெய்க் கறையாக ஏறும். டிஷ்யூ காகிதம் ஒன்று கிடந்தால் கறுப்புத் துணி முழுக்க வெள்ளைத் துகள்.

கே: பைச் சலுகையில் கொடுத்த இரண்டு பருத்தி டி-சர்ட்டுகள் ஒரு சைஸ் சுருங்கி வந்தன. ஒரு நீல குர்தா வெளுத்துவிட்டது. கப்பலில் உப்புத் தண்ணீரில் துவைக்கிறார்களா?
– வாசகர், திருச்சி

ப: உப்புத் தண்ணீர் இல்லை. நம் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் துவைக்கிறார்கள். உங்கள் டி-சர்ட்டைக் கெடுத்தது டிரையர்.

கப்பலில் வெயிலில் காயப்போட இடமில்லை. துவைத்ததெல்லாம் சூடான காற்றில் புரளும் பெரிய டிரம்முக்குள் போகிறது. தொழில்முறை டிரையரில் காற்று 70 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அந்த இயந்திரங்கள் கட்டில் விரிப்புக்கும் குளியல் துண்டுக்கும் என்று அமைந்தவை. பயணிகள் துணியைத் தனிச் சிறிய இயந்திரங்களில் போடுவார்கள். ஆனாலும் பைச் சலுகைத் துணியை ரகம் பிரிப்பதில்லை. உங்கள் பையில் இருப்பது முழுவதும் ஒன்றாக, பல இடங்களில் ஒரே வலைப் பைக்குள், ஒரே சூட்டில் புரளும்.

டி-சர்ட் பின்னல் துணி. ஆலையில் பின்னும்போது நூலை இழுத்துப் பிடித்துத்தான் பின்னுகிறார்கள். நனைந்து, சூட்டில் புரளும்போது அந்த இழுப்பு தளர்ந்து நூல் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் அகலத்தைவிட நீளம் அதிகம் குறைகிறது. வீட்டில் கொடியில் காயும்போது துணியின் ஈரக் கனமே அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. ஆக, பல வருடம் வீட்டில் துவைத்த சட்டைகூட முதல் டிரையரில் சுருங்கலாம். குர்தா வெளுத்ததற்குச் சூடான நீரும் காரம் மிகுந்த சோப்பும் காரணம். கைத்தறிச் சாயம் இரண்டையும் தாங்காது.

பைச் சலுகையில் போடத்தக்கவை: உள்ளாடை, சாக்ஸ், பைஜாமா, பாலியஸ்டர் கலந்த டி-சர்ட், குழந்தைகளின் கால்சட்டை. போடக் கூடாதவை: புதுப் பருத்தி டி-சர்ட், கைத்தறி, லெக்கின்ஸ், நீச்சல் உடை. கடைசி இரண்டிலும் உள்ள ரப்பர்த்தன்மையுள்ள இழை சூட்டில் நொந்து தொளதொளத்துப் போகும். படிவத்தில் குறிப்பு எழுத இடமிருந்தால் 'குளிர்ந்த நீர், டிரையர் வேண்டாம்' என்று எழுதலாம். உருப்படிக் கணக்கில் கொடுத்த துணிக்கு அதைக் கவனிப்பார்கள். பைச் சலுகையில் எதிர்பார்க்காதீர்கள்.

கே: வேட்டி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, பட்டுப் புடவை இவற்றைக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

ப: பட்டைக் கொடுக்கவே கூடாது. ஜரிகைக்கும் பட்டுக்கும் அங்கே வழி கிடையாது. 'டிரை கிளீனிங்' என்று பட்டியலில் இருந்தாலும் அது கோட்டு சூட்டை மனத்தில் வைத்துப் போட்டது. விருந்து முடிந்ததும் புடவையை ஒரு மணி நேரம் ஹேங்கரில் ஆறவிட்டு, வியர்வை உலர்ந்ததும் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜரிகைக் கரையில்லாத வெள்ளை வேட்டியை உருப்படிக் கணக்கில் தைரியமாகக் கொடுக்கலாம். ஆறு கஜப் பருத்திப் புடவையில் ஒரு சிக்கல்: பட்டியலில் புடவை என்ற வரியே இராது. பணியாளரிடம் முன்பே கேட்டு, எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கஞ்சி அந்தத் துவைப்பில் போய்விடும். மஞ்சள் கறை பட்ட துணியைத் தனியாக எடுத்துவிடுங்கள். மஞ்சள் மேல் காரச் சோப்பு பட்டால் செக்கச் செவேலென்று மாறும். நம் வீட்டில் மிச்சக் கறையை வெளுப்பது வெயில். டிரையர் அதைச் செய்யாது.

கே: சின்ன டிராவல் இஸ்திரிப் பெட்டியைக்கூட ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே. இவ்வளவு கெடுபிடி ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: கெடுபிடியே இல்லை. இது அவசியமான விதி. கடலில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்கள்தான் அணைக்க வேண்டும். இஸ்திரி, துணிக்கு ஆவி காட்டும் கருவி, கொதிக்கும் கெட்டில், சூட்டுச் சுருள் எதுவும் கேபினுக்கு ஆகாது. சோதனையில் எடுத்தால் ரசீது கொடுத்துப் பயண முடிவில் திருப்பித் தருவது வழக்கம்.

கப்பலின் சலவைக்கூடமே தீக்குப் பேர்போன இடம். 1998 ஜூலை 20 அன்று மயாமியிலிருந்து கீ வெஸ்டுக்குக் கிளம்பிய 'எக்ஸ்டஸி' கப்பலில் நடந்ததைப் பாருங்கள். முக்கியச் சலவை அறையில் அனுமதி இல்லாமல் வெல்டிங் செய்தார்கள். பொறி, காற்றுக் குழாய்க்குள் சேர்ந்து கிடந்த துணித் தும்பில் பற்றியது. தீ அந்தக் குழாய் வழியாகவே பின்தளத்துக்கு ஏறி, அங்கே சுருட்டி வைத்திருந்த கயிறுகளைப் பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் இழைக் கயிறு. கரும்புகை கிளம்பிக் கரையிலிருந்தே தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, அனுமதியில்லாத வெல்டிங்கோடு குழாயில் சேர்ந்திருந்த தும்பையும் காரணமாகச் சுட்டியது.

தும்பு என்றால் டிரையரில் துணி புரளும்போது உதிரும் மெல்லிய பஞ்சு. வீட்டு டிரையரின் வடிகட்டியில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படியுமே, அதுதான். உலர்ந்து, காற்றோட்டத்தில், சூட்டின் பக்கத்திலேயே கிடப்பது. அதனால் 36 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் கப்பல்களில் சலவைக்கூடத்தின் புகைபோக்கிக் குழாயில் எளிதில் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய வடிகட்டி, தானாக மூடும் தீத்தடுப்புக் கதவு, விசிறிகளைத் தூரத்திலிருந்தே நிறுத்தும் வசதி, உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யத் திறப்புகள் எல்லாம் இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ் சொல்கிறது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாதது. எண்ணெய் ஊறிய துண்டு துவைத்தாலும் முழுக்கப் போகாமல் இழையில் தங்கிவிடும். டிரையரிலிருந்து சூடாக எடுத்து அப்படியே குவித்து வைத்தால், மிச்ச எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்லச் சூடேறும்; குவியலின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானாகவே புகைந்து பற்றும். சமையலறைக் கந்தல், மசாஜ் அறைத் துண்டு இரண்டும்தான் இதில் பெரிய குற்றவாளிகள். டிரையரின் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாத காற்று ஓடுவது இதற்காகவும்தான். பயணிகளுக்கான டிரையரிலும் அதைப் பாதியில் நிறுத்தித் துணியை எடுக்காதீர்கள். சூரியகாந்தி எண்ணெய், பாதாம் எண்ணெய் போன்றவை தேங்காயெண்ணெயைவிட எளிதில் இப்படிச் சூடேறும். ஆனால் எந்த எண்ணெய் நனைத்த துணியையும் டிரையரில் போடாமல் இருப்பதே நல்லது.

கே: நாமே துவைத்துக்கொள்ளும் அறை எல்லாக் கப்பலிலும் உண்டா?
– வாசகர், சிங்கப்பூர்

ப: இல்லை. பிரின்சஸ், டிஸ்னி, கார்னிவல் கப்பல்களில் பெரும்பாலும் உண்டு, கட்டணம் உண்டு. குனார்டிலும் வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் இலவசம். ராயல் கரீபியன், செலிப்ரிட்டியில் கிடையாது. முன்பதிவுக்கு முன் உங்கள் கப்பலின் தளப் படத்தைப் பாருங்கள்.

அறை சின்னதாக இருக்கும். சில இயந்திரங்கள், ஓர் இஸ்திரி மேசை. நாள் முழுக்கக் கடலில் போகும் நாட்களில் காலை முதலே வரிசை. துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிய பிறகோ, இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ போனால் நிம்மதி. சோப்பை வீட்டில் போடுவதில் பாதி போடுங்கள். கப்பல் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு என்பதால் நுரை பொங்கும். அதிகம் போட்டால் அலசிப் போகாமல் துணி மொடமொடவென்று நிற்கும், தோல் அரிக்கும். துணி போடும் முன் டிரையரின் வடிகட்டியை இழுத்து, முந்தையவர் விட்டுப்போன தும்பை வழித்தெடுங்கள். ஒரே சுற்றில் காய்வதற்கும் இரண்டு சுற்றுக்குக் காசு போடுவதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் அதுதான்.

கே: குளியலறையிலேயே துவைத்துக் காயவைக்க முடியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

ப: முடியும். சுருங்கக்கூடிய துணிக்கு அதுதான் நல்ல வழி. வாஷ்பேசினில் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி திரவச் சோப்பு போதும். பத்து நிமிடம் ஊறவைத்துக் கசக்கி, இரண்டு தண்ணீர் அலசுங்கள். முறுக்கிப் பிழிந்ததோடு விடாமல், காய்ந்த குளியல் துண்டை விரித்து அதன்மேல் துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். துண்டு குடிக்கும் ஈரம் ஆச்சரியமாக இருக்கும். காயும் நேரம் பாதியாகும்.

ஷவருக்குள் சுவரில் வட்டமான ஒரு சின்ன டப்பா இருக்கும். அதிலிருந்து கயிற்றை இழுத்து எதிர்ச்சுவர்க் கொக்கியில் மாட்டினால் கொடி. நீர் சொட்டும் ஜீன்ஸைப் போட்டால் கயிறு தொய்யும், சில சமயம் டப்பாவே கையோடு வரும். லேசான துணிக்கு மட்டுமே அது. குளியலறைக் கதவைச் சாத்தாதீர்கள், கொஞ்சம் திறந்து வையுங்கள். அங்கே உள்ள உறிஞ்சு விசிறி எப்போதும் ஓடும். கதவிடுக்கு வழியே கேபினின் உலர்ந்த ஏ.சி. காற்று உள்ளே போனால்தான் ஈரத்தை வெளியே இழுக்கும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் ஹேங்கர் மாட்ட இடம் கிடைக்கும். பாலியஸ்டர் சட்டை ராத்திரிக்குள் காயும். பருத்தி டி-சர்ட்டுக்கு ஒரு நாள். ஜீன்ஸ் வேண்டாம், முழுசாகக் காயும் முன் முடை வாடை வந்துவிடும்.

பால்கனிக் கைப்பிடியில் மட்டும் எதையும் போடாதீர்கள். காற்றில் பறந்தால் கடலில்தான் விழும், கப்பலிலிருந்து துணி கடலில் போவது சட்டப்படியும் தவறு. மேல்தளத்திலிருந்து சிகரெட் நெருப்பு விழுந்து தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

கே: இவ்வளவு துணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது?
– வாசகர், மதுரை

ப: கடல்நீரிலிருந்து கப்பலே நன்னீர் தயாரிக்கிறது. ஒரு வழி, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைக் கொண்டு, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் கடல்நீரைக் காய்ச்சி வடிப்பது. அழுத்தம் குறைவானதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே கொதிக்கும். இன்னொன்று, நம் ஊர் ஆர்.ஓ. போல அழுத்தத்தில் சவ்வு வழியே வடிகட்டுவது. ஏ.சி. குழாய்களில் வடியும் நீரையும் பல கப்பல்கள் வீணாக்காமல் சேர்த்துச் சலவைக்குத் திருப்புகின்றன. வெப்பமண்டலக் கடலில் அது கொட்டோ கொட்டென்று கொட்டும்.

சலவை நீர், குளியல் நீர் எல்லாம் சேர்ந்தது 'சாம்பல் நீர்' எனப்படுகிறது. கழிப்பறைக் கழிவுக்குச் சர்வதேசக் கடல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையில் கண்டிப்பான விதி உண்டு. சாம்பல் நீருக்கு அந்த உடன்படிக்கையில் விதி இல்லை. இதை ஒரு பெரிய ஓட்டை என்றுதான் சொல்ல வேண்டும். அலாஸ்கா போன்ற சில பகுதிகள் சொந்தச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துகின்றன.

கே: கப்பலில் வயிற்றுப்போக்குத் தொற்று பரவினால் படுக்கை விரிப்பை என்ன செய்வார்கள்?
– வாசகி, சேலம்

ப: நோயாளி கேபினின் விரிப்பை உதறாமல், தண்ணீரில் கரையும் பைக்குள் கட்டி, பையைத் திறக்காமலேயே துவைக்கும் இயந்திரத்தில் போடுவார்கள். சூடான நீரில் பை கரைந்துவிடும். இதனால் பணியாளர் கை படுவதில்லை. அந்தச் சமயத்தில் நாமே துவைக்கும் அறைகளை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே அதை மட்டும் நம்பி இரண்டே செட் உடையோடு கிளம்ப வேண்டாம்.

இன்றைக்குக் கப்பலுக்குள்ளேயே இதெல்லாம் நடக்கிறது. 1912-இல் டைட்டானிக்கில் விரிப்பு, துண்டு துவைக்கச் சலவைக்கூடமே இல்லை. 15,000 படுக்கை விரிப்பும் 45,000 மேசை நாப்கினும் ஏற்றிக்கொண்டு, அழுக்கானதைக் கரையில் துவைக்கலாம் என்றுதான் புறப்பட்டார்கள்.

கே: சென்னையிலிருந்து மூன்று, நான்கு நாள் கப்பலில் போகிறோம். சலவைக்குக் கொடுப்பது எப்போது நல்லது?
– வாசகர், செங்கல்பட்டு

ப: கொடுக்க வேண்டாம். 48 மணி நேரத்தில் திரும்பும் துணிக்கு உங்கள் பயணம் போதாது. இறங்கும் நாள் நெருங்கும்போது பல கப்பல்களில் வாங்குவதைக் குறைத்துவிடுவார்கள்; கடைசி இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், துணி அதற்குள் வந்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு செட் கூடுதலாகவும், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துப்போங்கள். நீச்சல் குளத்தில் பல கப்பல்கள் கடல்நீரை நிரப்புகின்றன. நீச்சல் உடையை மட்டும் வந்தவுடனே ஷவரில் நன்றாக அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள், உப்பு காய்ந்தால் தையல் ஓரங்கள் தோலை அறுக்கும்.