பழைய லாரிக்கு கிளட்ச் செட்: பிளைவீலைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்

கேள்வி: என்னிடம் 2008 மாடல் டாடா 407 இருக்கிறது. நானே ஓட்டுகிறேன். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல், மற்ற மாதங்களில் உரமும் செங்கல்லும். கொஞ்ச நாளாக லோடோடு பாலம் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. கருகல் வாடை வேறு. மெக்கானிக், கிளட்ச் செட்டோடு, கிளட்ச் பிளேட் உரசும் கனமான இரும்புச் சக்கரமான பிளைவீலையும் புதிதாகப் போடச் சொல்கிறார். ஸ்பேர் கடைக்காரர், பிளைவீல் வேண்டாம், பாதி விலையில் ஒரு செட் தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் செராமிக் பிளேட் போடச் சொல்கிறார். சம்பா அறுவடைக்குள் வண்டி தயாராக வேண்டும். என்ன வாங்கட்டும்?
வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் பெடலைப் பாருங்கள். பெடலை விரலால் அழுத்தினால் தொடக்கத்தில் கொஞ்சம் லூசாக இறங்க வேண்டும். அந்த ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் பெடல் தள்ளும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல கிளட்ச்கூடப் பிடிக்காமல் வழுக்கும், அதாவது ஸ்லிப் ஆகும். ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உப்பிப் போய் ஆயில் திரும்பாமல் நின்றாலும் இதே தொந்தரவுதான். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். இரண்டும் சரியாக இருந்தால்தான் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

இறக்கியதும் பிளைவீலைத் துடைத்துவிட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் உள்ள கரித்தூசியைக் கம்பிரசர் காற்றால் ஊதவிடாதீர்கள். பழைய பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பிளைவீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பிளேட் உரசும் முகத்தில் முடி மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். முகத்தைச் சமமாகச் சீவும் ஃபேசிங் போட்டால் போய்விடும். விரிசல் போல்ட் ஓட்டை வரையோ விளிம்பு வரையோ ஓடியிருந்தால் அந்தப் பிளைவீல் பழைய இரும்புக்குத்தான். சுற்றும் வேகத்தில் அது உடைந்தால் பெல் ஹவுசிங்கையும் பிளந்துகொண்டு வரும். அதில் பேரம் பேசாதீர்கள்.

நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டில் அந்த இடத்து இரும்பு இறுகிப் போயிருக்கும். லேத்தில் கடைந்தால் டூல் அந்தத் திட்டின் மேல் வழுக்கிவிடும்; அங்கே மட்டும் மேடு நிற்கும். புதுப் பிளேட் போட்டும் வண்டி எடுக்கும்போது அதிர்வதற்கு இது ஒரு பெரிய காரணம். எனவே லேத்தில் கடைவதைவிட, கல் வைத்து அரைக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்பவரைத் தேடுங்கள். பக்கத்தில் கிடைக்காவிட்டால் பிளைவீலைத் திருச்சிக்குக் கொண்டு போவதற்கு ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை. அரைத்த பிறகும் நீலம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிளைவீல்கள் ஒரே மட்டமாக இருக்கும். சிலவற்றில் சட்டி மாதிரி நடுவில் பள்ளம். பிளேட் உரசும் முகம் உள்ளே, பிரஷர் பிளேட் போல்ட் போடும் விளிம்பு மேலே. உங்கள் வண்டியில் எது என்று கழற்றினால் கண்ணுக்கே தெரியும். பள்ளம் உள்ள பிளைவீலில் உள்முகத்தில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் விளிம்பிலும் அதே அரை மில்லிமீட்டர் எடுத்தாக வேண்டும். உள்ளே மட்டும் கடைந்தால் பிளேட்டை அழுத்தும் பலம் குறைந்து, புது செட் முதல் லோடிலேயே ஸ்லிப் ஆகும். பழி கிளட்ச் கம்பெனி மேல் விழும். கடைவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு வரை குறைக்கலாம் என்ற எல்லை வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டினால் புதுசுதான்.

பிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரையும் விட்டுவிடாதீர்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் கடிப்பதும் அங்கேதான், பல் தேய்வதும் அங்கேதான். மற்ற இடம் நன்றாக இருந்தால் ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, கால் சுற்று திருப்பிப் போடலாம். இதற்காகப் பிளைவீலையே மாற்ற வேண்டியதில்லை.

இனி செட். பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 407 என்ற ஒரே பெயரில் பல வருடங்களாகப் பல இன்ஜின்களும் கியர் பாக்ஸ்களும் வந்திருக்கின்றன. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேறு அளவு வந்துவிடும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பிறகு விட்டத்தை அளந்து, பிளேட்டின் நடு ஓட்டையில் உள்ள ஸ்பிளைன் பற்களை எண்ணி, பிரஷர் பிளேட்டின் விரல்கள் நிற்கும் உயரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

டாடா ஜென்யூன் பார்ட்ஸ் வாங்கலாம். லூக், வேலியோ, சாக்ஸ், லைப் போல கிளட்ச் செய்வதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளின் பெட்டியும் வாங்கலாம். எது வாங்கினாலும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே செட்டாக இருக்கட்டும். பாதி விலை செட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம், புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்கிறதா, பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் பொருளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செட் மலிவாக வந்தாலும் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி அதேதான். அதை இரண்டு முறை கொடுக்க வேண்டி வந்தால் மலிவு எங்கே போனது?

செராமிக் உங்களுக்கு வேண்டாம். அது சூட்டைத் தாங்கும், பிடியும் பலம்தான். ஆனால் வெடுக்கென்று கடிக்கும். நீங்கள் வரப்போரம் ரிவர்ஸ் எடுப்பவர், கொள்முதல் நிலைய வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்பவர். அந்த வேலைக்குச் சாதாரண ஆர்கானிக் லைனிங்தான் இதமாக இருக்கும். செராமிக்கின் அடியெல்லாம் பிளைவீல் முகத்திலும் கியர் பாக்ஸிலும் பின் அச்சின் கிரௌன் பல்சக்கரத்திலும் போய் இறங்கும். ரிவிட் அடித்து ரீலைனிங் செய்த பிளேட்டும் லோடு வண்டிக்கு ஆகாது. லைனிங் புதுசு, அதிர்வைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்கும் நடுவில் உள்ள ஹப்பும் பழசு.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், விலை சொற்பம். கிராங்க் பின் ஆயில் சீலிலோ கியர் பாக்ஸ் முன் சீலிலோ கசிவு தெரிந்தால் அப்போதே மாற்றுங்கள். லைனிங்கில் ஆயில் பட்டால் செட்டே போச்சு. பிளைவீல் போல்ட்களும் புதுசாக இருக்கட்டும், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்தே முறுக்கட்டும். அப்புறம் முதல் 500 கிலோமீட்டர் போல, பெடல் மேல் கால் வைத்து ஓட்டாமல், ஹாஃப் கிளட்ச்சில் நிற்காமல், கனமான லோடு தவிர்த்து ஓட்டுங்கள். சம்பா அறுவடை தொடங்கும் அன்று புதுக் கிளட்ச்சோடு களத்துக்குப் போகாமல், அதற்குச் சில வாரம் முன்பே வேலையை முடிப்பது நல்லது.

கேள்வி: என் லாரிக்கு வாங்கிய புது கிளட்ச் பிளேட்டில் இரண்டே வாரத்தில் ஸ்பிரிங் தெறித்துவிட்டது. எலெக்ட்ரிக்கல், கிளட்ச் இரண்டுக்கும் கேரண்டி கிடையாது என்கிறது கடை. வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாதாமே?
வாசகர், கும்பகோணம்

பதில்: போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து, தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் அதைக் கேட்கலாம். பத்து லாரி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு அது கடினம்.

பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் இந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. திரும்ப எடுப்பதற்கான கெடு பில்லில் இல்லாவிட்டால் 30 நாள். நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். கடைக்கும் கம்பெனிக்கும் இன்றே எழுத்தில் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. உடைந்த பிளேட்டையும் பெட்டியையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பில் போட்டால் வரி கூடும் என்று கடை சொன்னால், வாகன உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான் என்று சொல்லுங்கள். முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது.

கேள்வி: உப்பு ஏற்றும் வண்டி. மழை மாதத்தில் நிறுத்தி வைத்து எடுத்தால் பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழ மறுக்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமா?
வாசகர், வேதாரண்யம்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். ஈரத்தில் துருப்பிடித்துப் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னால் ஆளில்லாத திறந்த இடத்தில் இரண்டாவது கியரில் வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும், கவனம். பெடலை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது ஸ்பிளைனில் துரு இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, கிரீஸை மிக மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பெடலைப் பலமுறை மிதித்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.