பழைய பெட்ரோமாக்ஸ்: முதலில் டேங்கைப் பாருங்கள்

டேங்கில் 829 என்று பொறித்திருக்கிறது. 1829-ல் செய்த விளக்கா? – அருவங்காடு வாசகர்

மாடல் எண். ஒளிதரும் வலைப் பையான மேண்டிலே 1885-ல்தான் வந்தது.

தாத்தா வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த கேஸ் லைட். டேங்கில் 'பெர்லின்', 'டி.ஆர்.ஜி.எம்.' என்று இருக்கிறது. கண்ணாடியிலோ 'மைன்ஸ்'. போருக்கு முந்தையது என்று தாத்தா சொல்வார். நம்பலாமா? – கோத்தகிரி வாசகி

தாத்தாவை நம்பலாம். பெட்ரோமாக்ஸ் செய்த கிரேட்ஸ் கம்பெனி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெர்லினை விட்டு ஆல்டெனா என்ற ஊருக்குப் போய்விட்டது. டி.ஆர்.ஜி.எம். என்பது பழைய ஜெர்மன் பேரரசு (ரைஹ்) காலத்தில் சிறு கண்டுபிடிப்புகளுக்குத் தந்த பதிவு. இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் போருக்கு முந்தையதுதான். கண்ணாடி மட்டும் பின்னால் வந்தது: கண்ணாடி செய்த ஷாட் கம்பெனி மைன்ஸ் என்ற ஜெர்மன் ஊரில் தொழிற்சாலை திறந்ததே 1952-ல், அதற்கு முன் யேனா என்ற ஊரில். தொழிலாளர் லயத்துத் திருவிழா ஒன்றில் பழசு உடைந்திருக்கும், வேறென்ன. கண்ணாடி உடையும், எண்ணெய் வரும் நிப்பிள் அடைக்கும், பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோகும், எல்லாவற்றையும் மாற்றுவார்கள். டேங்கை மாற்றினால் வேறு விளக்காகிவிடும், அதனால் வயதை அங்கேதான் தேட வேண்டும். அங்கே 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. அமெரிக்கக் கோல்மேன் கம்பெனி விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, கவிழ்த்தால் போதும். 1950-களின் பிற்பகுதி முதல் மாதமும் வருடமும் அடியிலேயே எண்ணாக இருக்கும்.

குன்னூர் கடையில் பளபளவென்று தங்கம்போல் மின்னும் பிரிட்டிஷ் காலப் பித்தளைப் பெட்ரோமாக்ஸ், 9,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வெலிங்டன் வாசகர்

வேண்டாம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோமாக்ஸ் டேங்க் பித்தளைதான், ஆனால் மேலே நிக்கல் முலாம் பூசியே கம்பெனியிலிருந்து வந்தது, வெள்ளி மாதிரி இருக்கும். தங்கம்போல் மின்னுகிறது என்றால் யாரோ முலாமை உரித்து, சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் போகும், தகடும் மெலியும், அதே மெலிந்த டேங்கில்தான் நீங்கள் காற்றடித்து அழுத்தம் ஏற்றப் போகிறீர்கள்! நானும் இப்படி ஏமாந்தவன்தான். ஆறு வருடத்துக்கு முன் 7,500 கொடுத்து ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ax' மட்டும் நிழல்போல் தெரிந்தது. சோப்பு நீர் தடவிப் பம்ப் அடித்தேன், அடிவிளிம்பில் கடுகு கடுகாகக் குமிழி. இப்போது அது என் வீட்டில் குடை வைக்கும் மூலையில் நிற்கிறது. முலாம் பாதி உரிந்து, பச்சை பிடித்து, அசிங்கமாக இருப்பதை வாங்குங்கள். எழுத்து பிழைத்திருக்கும்.

'80 வருடப் பழமையான ஜெர்மன் விளக்கு' என்று ஆன்லைனில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் கிழிந்த லேபிளில் இந்திய முகவரி, ஆறு இலக்கப் பின்கோடு. கேட்டால் பதிலே இல்லை. – கூடலூர் வாசகி

உங்கள் மேல் தப்பில்லை. நம் நாட்டில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல், அந்த லேபிளே உங்கள் சாட்சி, பிய்த்துவிடாதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், நீங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அசையவில்லை என்றால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

மறுவிற்பனைக்காகப் பத்து விளக்குகளைப் பார்க்காமலே மொத்தமாக எடுத்தேன். எல்லாம் ஒழுகுகிறது. நானும் புகார் கொடுக்கலாமா? – ஊட்டி வாசகர்

விற்பதற்காக வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோரே இல்லை. பத்தில் ஒன்றையாவது பம்ப் அடித்துப் பார்த்திருக்கலாமே ஐயா.

ஹோம்ஸ்டே அறையில் இரவு முழுக்க எரியவிடலாமா? – குன்னூர் வாசகர்

கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு, உதிர்ந்த சாம்பலை ஊதித் துடைக்காதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். விருந்தாளிக்கு அழகுதான் வேண்டும் என்றால் விளக்கை வராந்தாவில் ஏற்றுங்கள். அறைக்குள் இன்னொரு கம்பளி கொடுங்கள்.