வால் இல்லாத விமானம் எப்படித் திரும்பும்?

வணக்கம். 2024 டிசம்பர் 26 அன்று சீனாவின் செங்டூ நகருக்கு மேலே பறந்த மூன்று எஞ்சின் விமானத்தின் படங்களைப் பார்த்தேன். செங்குத்து வால் என்று எதுவுமே இல்லை. வாலை ஏன் எடுக்கிறார்கள்? சுக்கான் இல்லாமல் எப்படித் திரும்பும்? இந்தியா உருவாக்கும் நம் ஆம்கா போர் விமானம் இரண்டு வாலோடு வரப்போகிறதே, அது பழைய பாணியா?
ர., கோவை

அன்புள்ள ர.,

வாலை எடுப்பது ரேடாரிடமிருந்து ஒளிவதற்காக. இப்படி ஒளியும் ஸ்டெல்த் விமானம் ரேடாரில் தெரியவே தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். தெரியும், ஆனால் மிகவும் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். கண்டுபிடிக்கும் தூரம் எதிரொலியின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. 400 கி.மீ.யில் தெரியும் விமானத்தின் எதிரொலியைப் பத்தில் ஒன்றாக்கினாலும் 225 கி.மீ.யில் தெரிந்துவிடும். 40 கி.மீ. வரை நெருங்கவேண்டும் என்றால் எதிரொலி பத்தாயிரத்தில் ஒன்றாகவேண்டும். அந்த அளவுக்கு இறங்கும்போது ஒரு திருகுகூடக் கணக்கில் வரும். அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானமான எஃப்-117க்கு முன்னோடி, ஹேவ் ப்ளூ என்ற சோதனை விமானம். அதன் சோதனையில், சரியாக முடுக்காத மூன்று திருகுகள் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்ததே விமானத்தை ரேடாரில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்படியிருக்க, ஆள் உயர வால் என்ன செய்யும்? இறக்கைக்குச் செங்குத்தாக வால் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு மூலை. மூலையில் விழும் அலை இருமுறை எதிரொலித்து வந்த வழியே திரும்பும். அமெரிக்கப் போர் விமானமான எஃப்-22இல் வால்களைச் சாய்த்து வைத்திருப்பது இதற்காகத்தான். போர் விமானங்களின் ரேடார் அலைநீளம் சுமார் 3 செ.மீ.; அதற்கு இந்தச் சாய்வு போதும். மீட்டர் அலை ரேடாருக்குப் போதாது. உறுப்பின் அளவும் அலைநீளமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது அதிர்ந்து எதிரொலிக்கும். பூச்சும் கைகொடுக்காது: 2 மீட்டர் அலையை விழுங்க, எளிய உறிஞ்சி என்றால் அரை மீட்டர் கனம் வேண்டும். 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 விழுந்தபோது அதை முதலில் பிடித்தது, பழைய சோவியத் பி-18 என்ற இந்த வகை ரேடார்தான். ஆகவே, அந்த அளவில் தனியாக நிற்கும் உறுப்பே இல்லாமல் செய்வதுதான் வழி.

சுக்கானின் வேலையை இறக்கை நுனி ஏற்றுக்கொள்கிறது. வாலில்லாத அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-2இல் நுனியின் பின்விளிம்பு மேலும் கீழுமாக, பறவை அலகு திறப்பதுபோல் பிளக்கும். இடது நுனி திறந்தால் அங்கே காற்றுத்தடை கூடி, மூக்கு இடப்பக்கம் திரும்பும். செங்டூ விமானத்திலும் நுனி இப்படித் திறந்திருப்பதைப் படங்களில் பார்க்கலாம். ஒரு சிக்கல்: முதல் சில பாகைகளுக்கு மடல், இறக்கையை ஒட்டி மந்தமாக ஓடும் காற்றுக்குள்ளேயே கிடக்கும், பயன் இல்லை. அதனால் பி-2 சாதாரணமாகப் பறக்கும்போது இரு நுனிகளையும் சுமார் 5 பாகை திறந்தே வைத்திருக்கும். திறந்த நுனி ரேடாருக்குத் தெரியும் என்பதால், எதிரி எல்லைக்குள் மூடிக்கொண்டு, இடது வலது எஞ்சின்களின் உந்துவிசையைக் கூட்டிக் குறைத்துத் திரும்பும்.

இதையெல்லாம் நொடிக்கு நொடி சமாளிப்பது கணினி. அந்தக் கணினிக்குத் தவறான காற்றழுத்த அளவு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 23 அன்று பசிபிக் தீவான குவாமில் ஒரு பி-2க்கு நடந்ததே சாட்சி. நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குப் பதில் பி-2இன் தோலோடு தோலாக 24 அழுத்த உணரிகள் உண்டு. மழை ஈரம் அவற்றில் மூன்றில் புகுந்திருந்தது. ஈரம் இருக்கும்போதே அளவைச் சரிசெய்தார்கள். பிறகு சூடாக்கியதும் ஈரம் காய்ந்து, செய்த திருத்தமே பிழையாகிவிட்டது. ஓடுபாதையில் கணினி வேகத்தை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது. மூக்கு கீழே கவிழ்ந்திருப்பதாகவும் நினைத்துச் சுமார் 30 பாகை மேலே தூக்கிவிட்டது. இறக்கை தூக்குவிசை இழந்து விமானம் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியே குதித்துத் தப்பினார்கள். சூடாக்கிவிட்டுப் பிறகு அளவைச் சரிசெய்யவேண்டும் என்பது சிலருக்கு முன்பே தெரிந்திருந்தும் கையேட்டில் ஏறவில்லை. இதுதான் என்னை வருத்துகிறது.

ஆம்காவைப் பின்தங்கியது என்று சொல்லமாட்டேன். குண்டுவீச்சு விமானம் நிதானமாகத் திரும்பினால் போதும். போர் விமானம் மூக்கை உயரத் தூக்கிச் சுழலவேண்டும். அந்த நிலையில் நுனி மடல்கள் வலுவிழக்கும், சாய்ந்த வால் அப்போதும் கொஞ்சம் பிடிகொடுக்கும். ஆம்காவுக்கு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது 2024 மார்ச்சில். விமானமே புதிது; முதல் மாதிரியிலேயே வாலையும் கழற்றிச் சோதிப்பது இரண்டு ஆபத்துகளை ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொள்வது. வாலில்லா வடிவத்தை நம்மவர்கள் விட்டுவிடவும் இல்லை. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆளில்லாப் பறக்கும் இறக்கை 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் தானே மேலெழும்பி, பறந்து, தானே தரையிறங்கியது.